பள்ளிவாசலும் தெருவும்

பள்ளிவாசல் ஒன்று யாருக்கு உரியது என்று வினவினால் இரண்டு விடைகள் உடனே கிடைக்கும். அது இறைவனுக்கு உரியது என்பார் தொழுகையாளர். அது நம்பிக்கைப் பொறுப்பாளரின் பராமரிப்பில் உள்ளது என்பார் வழக்கறிஞர். 1956-ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்தை விரித்தும் காட்டுவார். இரண்டும் மெய்யே. ஆயினும் இவ்விரு விடைகளுக்கும் நடுவே இன்னொருவர் நிற்கின்றார். அவர் அங்கே தொழுவதில்லை, சந்தா செலுத்துவதில்லை, எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் வைகறைப் பாங்கொலியைக் கேட்டு அவரும் கண் விழிக்கின்றார். நோன்பு மாதத்தில் அங்கே காய்ச்சும் கஞ்சியை அவர் பிள்ளைகளும் குடிக்கின்றனர். கலகம் மூளும் நாளில் பள்ளிவாசலின் ஓடுகள் உடைவதும் உடையாமல் நிற்பதும் பெரும்பாலும் அவரைப் பொறுத்தே அமைகின்றன. அவரே அயலவர்.

வழிபாட்டிடத்துக்கும் அயலவருக்கும் இடையிலான உறவின் அறம் யாது? இதனையே இங்கு ஆராய முற்படுகின்றோம். அறநூல்களிலே விடை தேடுவது எளிது. அயலானை நேசி என்று எல்லா மதங்களும் சொல்லியே இருக்கின்றன. சொல்லியும் தெருக்கள் எரிந்தன. ஆகவே நூல்களை ஒருபுறம் வைத்துவிட்டு, நமது மலையகத்து மண்ணிலே, கொத்மலைப் பள்ளத்தாக்கிலிருந்து கம்பளை நோக்கி இறங்கும் நிலத்திலே, வரலாறு இக்கேள்விக்கு என்ன விடை தந்திருக்கின்றது என்று நோக்குவோம்.

கொத்மலை தஞ்சம் புகுந்தோரின் நிலம் எனப் பெயர் பெற்றது. தந்தையின் சினத்துக்குத் தப்பிய இளவரசன் துட்டகைமுனு மறைந்து வாழ்ந்த இடம் இதுவே என்பது சிங்கள மக்களின் நெடுங்கால நம்பிக்கை. வரலாற்றுக் காலத்திலும் கண்டி இராச்சியத்தின் மலைகள் பலருக்குப் புகலிடமாயின. 1626-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக் குடியமர்த்தினான். பெருந்தொகையினர் கிழக்கே மட்டக்களப்புப் பகுதிக்குச் சென்றனர். மலைநாட்டிலே வாழ்ந்த முஸ்லிம்கள் பயிர் செய்தனர்; பொதிமாடுகளைக் கூட்டமாய் ஓட்டிச் செல்லும் தவளம் நடத்தினர்; சிலர் அரண்மனை வைத்தியராயும் விளங்கினர். கரையின் உப்பும் கருவாடும் மலையேறியதும், மலையின் பாக்கு கரைக்கு இறங்கியதும் இவர்கள் மாடுகளின் முதுகிலேதான். இன்றும் கொத்மலையின் ஹபுகஸ்தலாவை போன்ற ஊர்களில் முஸ்லிம் மக்கள் ஒருபுறம் சிங்களக் கிராமங்களும் மறுபுறம் தேயிலைத் தோட்டங்களுமாக நடுவிலே வாழ்கின்றனர். வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே சிங்களம், தொழுகையிலே அரபு என மும்மொழியும் அவர்கள் நாவில் புழங்குகின்றன.

இதனைக் கண்டு, முற்காலம் முழுதும் ஒற்றுமையின் பொற்காலம் என்று சொல்லிவிட ஆசை பிறக்கும். அவ்வாறு சொல்வது உண்மைக்கு மாறு. 1344-இல் இலங்கைக்கு வந்த அரபுப் பயணி இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைத் தரிசிக்கச் சென்ற வழியில், குனகார் என்னும் தலைநகரைக் கண்டதாக எழுதியுள்ளார். அது குருநாகல் என்பர் சிலர். கம்பளை என்பர் வேறு சிலர். அந்நகரின் வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்ததென்றும், அரசனும் குடிகளும் அவரிடம் சென்று மரியாதை செய்தனரென்றும் அவர் கூறுகின்றார். அதே ஷெய்கு ஒரு முறை பசுவைக் கொன்றார். நாட்டு வழக்கப்படி அதற்குத் தண்டனை மரணம். மக்கள் அவர்மேல் வைத்திருந்த மதிப்பினால் உயிரை விட்டுவைத்து, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினர்; பின்னர் ஒரு சந்தையின் வருமானத்தை அவருடைய சீவியத்துக்கு அளித்தனர்.

இக்கதையை எப்படி விளங்கிக்கொள்வது? இதில் மதிப்பு உண்டு, இரக்கமும் உண்டு. ஆனால் சமத்துவம் இல்லை. அவர் பிழைத்தது அரசனின் தயவால். அங்கம் இழந்ததும் அதே அரசனின் நீதியால். தயவிலே தங்கியிருக்கும் அயலுறவு எத்தன்மையது என்பதை அந்த வெட்டுண்ட கை நமக்குக் காட்டுகின்றது. மன்னர்கள் நிலம் கொடுத்தனர், இடம் கொடுத்தனர் என்று நன்றியோடு நினைவுகூர்வது தக்கதே. ஆனால் கொடுப்போரும் பெறுவோருமாய் இருந்த அந்த உறவை நமது காலத்துக்கு இலட்சியமாய் வைக்கலாகாது.

*

கொத்மலை ஓயா இறங்கி மகாவலியோடு கலந்து கம்பளையை அடைகின்றது. நதி போன வழியிலே வணிகமும் போயிற்று. அல்லது வணிகம் நதியின் எதிர்த் திசையில் ஏறிவந்தது எனலாம். 1820-களில் கம்பளையருகே சிங்காப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கிற்று. காடுகள் அழிந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் நடந்தே வந்தனர். வழியிலே மாண்டோர் எண்ணிலர். கோப்பி நோயுற்று அழிந்தது, தேயிலை எழுந்தது. 1874-இல் ரயில் நாவலப்பிட்டியை எட்டியது. 1884-இல் ஹட்டனையும் மறுவருடம் நானுஓயாவையும் எட்டியது. ரயிலுக்கும் முன்னே மாட்டுவண்டித் தெருக்களும், தெருக்களின் இருமருங்கிலும் கடைகளும் முளைத்தன.

இக்கடைகளிலே பலவற்றை நடத்தியோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களைத் தாயகமாகக் கொண்ட இவர்களைக் கரையோரச் சோனகர் என்று அரசாங்கம் தனியே கணக்கெடுத்தது. தோட்டத் தொழிலாளிக்கு அரிசி, மிளகாய், துணி யாவும் இவர்களிடமிருந்தே கிடைத்தன, கடனுக்கும் கிடைத்தன. சம்பள நாளிலே பழங்கடனை அடைத்துவிட்டு, அன்றே புதுக்கடன் எழுதி வீடு திரும்பும் வாழ்வே லயத்து வாழ்வாயிருந்தது. கடைக்காரரின் கடன் பஞ்சத்தில் உயிர் காத்ததும் உண்டு. கூலியை முன்கூட்டியே விழுங்கியதும் உண்டு. இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் நேர்மை.

கடைகளோடு பள்ளிவாசல்களும் எழுந்தன. ஊரைவிட்டு வந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது தன் மொழியில் ஸலாம் சொல்ல ஓரிடம்; அடுத்துத் தேவைப்படுவது செத்தால் முறைப்படி அடக்கஞ் செய்ய நாலு பேர். மலையகப் பட்டினங்களின் கடைத்தெருப் பள்ளிவாசல் இவ்விரு தேவைகளினின்றுமே பிறந்தது. அதன் அன்றாடத்தை நோக்குக. ஐவேளைத் தொழுகையும் வெள்ளிக்கிழமைப் பிரசங்கமும் அதன் வெளிப்படையான பணிகள். இவற்றினும் அகன்றவை அதன் ஏனைய பணிகள். பிள்ளைகள் ஓதக் கற்பது அங்கே. மஹல்லாவில் ஒருவர் மரணித்தால் சந்தூக்குப் பெட்டி புறப்படுவது அங்கிருந்து; செல்வரைச் சுமந்த அதே பெட்டி மறுநாள் கூலியாளையும் சுமக்கும். விதவைக்கு உதவியும், வழிப்போக்கனுக்கு ஓரிரவு திண்ணையும், கணவன் மனைவி பிணக்குக்கு மத்தியஸ்தமும் அங்கே கிடைக்கும். நோன்புக் கஞ்சிப் பானையின் முன் நிற்கும் சிறுவர்களிடம் எந்த மதம் என்று கேட்பார் இல்லை.

பள்ளிவாசலைக் கல்வியின் பக்கம் திருப்ப முயன்ற மலைநாட்டு அறிஞரையும் இங்கு நினைத்தல் வேண்டும். கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1882-இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் ஏட்டைத் தொடங்கினார். பிரிட்டிஷாரால் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883-இல் இலங்கைக்கு வந்த அராபி பாஷாவின் நட்பும் அவர் பணிக்குத் துணையாயிற்று. நவீன கல்வியை, பெண்கல்வி உட்பட, அவர் வற்புறுத்தினார். சமூகத்துள்ளே அவருக்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஏனெனில் பள்ளிவாசலுக்குள்ளும் வர்க்கம் உண்டு. தொழுகை வரிசையில் முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் நிற்பது மகத்தான காட்சி; தொழுகை முடிந்து நிருவாக சபை கூடும்போது அந்த வரிசை கலைந்து, பழையபடி செல்வர் முன்னும் ஏழைகள் பின்னுமாய் அமர்வதும் நாம் காணாத காட்சியன்று. பெண்களின் குரலோ அச்சபையிலே பெரும்பாலும் கேட்டதேயில்லை. இது பள்ளிவாசலுக்கு மட்டுமுரிய குறையன்று. கோயில் தர்மகர்த்தா சபையும் விகாரையின் தாயக சபையும் இவ்வாறே இருந்தன. இக்குறையை இங்குக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. அயலவரோடு பிணக்கு எழும்போது பள்ளிவாசலின் சார்பில் பேசுவோர் யார், தேவாலயத்தின் சார்பில் பேசுவோர் யார் என்ற கேள்வி பின்னர் மிக முக்கியமாகின்றது.

*

கம்பளையில் அம்பகமுவ வீதி என்றொரு தெரு உண்டு. அதிலே கரையோரச் சோனகர் கட்டிய பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அதே ஊரில் வல்லஹகொட தேவாலயமும் உண்டு. ஆண்டுதோறும் அத்தேவாலயத்து எசல பெரஹர மேளதாளத்துடன் ஊரின் தெருக்களால் செல்லும். பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் நிற்றல் வேண்டும் என்று பள்ளிவாசலார் கேட்டனர். மேளம் நின்றால் பெரஹர பெரஹரவாகாது என்று தேவாலயத்தார் கூறினர்.

1912-இல் கண்டி அரசாங்க அதிபர் இதனைத் தீர்க்க ஒரு வழி கண்டார். பள்ளிவாசலை ஒட்டிய நூறு கஜ தூரத்தில் மேளம் ஒலித்தலாகாது என்னும் நிபந்தனையோடு அநுமதி வழங்க முன்வந்தார். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதனை ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தார். 1815-ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தையும் அதன் கிரியைகளையும் பாதுகாப்பதாகப் பிரிட்டிஷ் முடியின் பெயரால் வாக்களித்திருக்கின்றது. அவ்வாக்குறுதியை அரசாங்க அதிபரின் அநுமதிச்சீட்டு மீறலாமா என்பதே அவர் வாதம். 1914 யூன் 4-இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2-இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. பின்வந்த பொலிஸ் சட்டமும் உள்ளூர்ச் சபைச் சட்டமும் உடன்படிக்கையினும் வலியவை என்பது அதன் முடிவு.

இருதரப்பு வாதத்தையும் பட்சபாதமின்றி நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். இருதரப்பும் பொய் சொல்லவில்லை. மௌனத்திலே இறைவனைத் தேடுவோனுக்கு மேளம் இடையூறே. மேளத்தாலே தெய்வத்தைப் போற்றுவோனுக்கு மௌனம் அவமதிப்பே. ஒருவனுடைய வழிபாட்டின் உயிர் மற்றவனுடைய வழிபாட்டுக்குத் தடையாகும் இத்தகைய மோதல்களே அறவியலின் கடினமான இடம். நல்லவனுக்கும் தீயவனுக்கும் நடக்கும் வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிது. இரு நியாயங்கள் ஒரே தெருவில் எதிரெதிரே வரும்போது எதனை ஒதுங்கச் சொல்வது?

இத்தெருவிலே நிகழ்ந்த பெருந்தவறு, மேளம் அடித்ததிலும் இல்லை, மேளத்தைத் தடுத்ததிலும் இல்லை என்பது நம் கருத்து. அயலவர் இருவரும் ஒருவரையொருவர் நோக்குவதை விடுத்து மூன்றாமவன் ஒருவனை நோக்கித் திரும்பியதிலேயே தவறு தொடங்கிற்று. அம்மூன்றாமவன் நடுநிலையான பெரியவர் அல்லன், அந்நிய ஆட்சியாளன். நேற்றுவரை வழக்கமாயிருந்தது அவன் மேசையில் அநுமதிச்சீட்டாயிற்று. வழக்கம் நெகிழ்ந்து கொடுக்கும். இன்று ஒருவர் விட்டுக்கொடுத்தால் நாளை மற்றவர் விட்டுக்கொடுப்பார். கணக்கு எழுதி வைப்பாரில்லை. சீட்டோ நெகிழாது. அது நூறு கஜம் என்றால் நூறு கஜமே. அதனைப் பெற்றவன் வென்றவன், பெறாதவன் தோற்றவன். தானாக மேளத்தை நிறுத்தியிருந்தால் மரியாதை எனப்பட்டிருக்கக் கூடியது, பொலிஸ் ஆணையால் நிறுத்தும்போது தோல்வியாயிற்று. ஒரே மௌனம்தான், ஒன்று அயலவனுக்குக் கொடுத்தது, மற்றொன்று அதிகாரத்துக்குப் பறிகொடுத்தது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் நூறு கஜத்தினும் பெரிது.

வழக்கின் பெயர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். பஸ்நாயக்க நிலமே வழக்காளி. சட்டமா அதிபர் எதிராளி. உண்மையான அயலவனாகிய பள்ளிவாசல் அவ்வழக்கின் தலைப்பிலேயே இல்லை!

*

உயர் நீதிமன்றத் தீர்ப்பு வெளியாகி நான்கு மாதம் நிரம்புமுன்னரே, 1915 மே 28 வெசாக் இரவிலே, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே பக்திப் பாடல் ஊர்வலம் ஒன்றைச் சுற்றிக் கலகம் மூண்டது. சில நாட்களில் அது மத்திய, மேல் மாகாணங்களிலும் அயற் பகுதிகளிலும் பரவிற்று. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 189 பேர் காயமுற்றனர். 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் கொள்ளையிடப்பட்டன.

மேளத்துக்காகவா இத்தனையும்? கொள்ளையிடப்பட்ட கடைகளின் தொகையே பதில் சொல்லும். 1914-இல் உலகப்போர் தொடங்கிற்று. பண்டங்களின் விலை ஏறிற்று. விலையேற்றத்தின் காரணம் இலண்டனிலும் கொழும்பின் பெரிய கம்பனிகளிலும் இருந்தது; ஆனால் ஏறிய விலையைச் சொன்ன வாய் மூலைக்கடை முதலாளியின் வாய். அவனோ அயலூரான், அயல்மதத்தான், கடன் கொடுத்தவன். அவனோடு போட்டியிட்ட உள்நாட்டு வணிகருக்கு அவன் அகல்வது இலாபம். ஏழையின் நியாயமான கோபத்தைத் திசை திருப்பிவிட இதனினும் வசதியான இலக்கு வேறு வேண்டுமோ? இக்கலகத்தின் பொருளாதார வேர்களைக் குமாரி ஜயவர்த்தன போன்ற வரலாற்றாசிரியர்கள் தெளிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். தேவாலய நிருவாகியும் பள்ளிவாசல் பொறுப்பாளரும் நீதிமன்றத்திலே மோதினர், அடிபட்டவனோ சிறுகடைக்காரன், பின்னர் சுடப்பட்டவன் சிங்கள ஏழை.

ஆம், பின்னர் நிகழ்ந்ததும் சொல்லப்படவேண்டும். அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. படையினராலும் பொலிஸாராலும் கொல்லப்பட்டோர் தொகை, கலகத்திலே கொலையுண்ட முஸ்லிம்களின் தொகையிலும் அதிகம். இளைஞரான ஹென்றி பேதிரிஸ் 1915 யூலை 7-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது தேசாதிபதியாயிருந்த சேர் ரொபர்ட் சாமர்ஸ் பாளி மொழியில் வல்லவர். பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்! புத்தரின் சொல்லைக் கற்றமை ஆட்சியாளனின் கையைத் தடுக்கவில்லை. கல்வியைத் தொழிலாகக் கொண்ட நாம் இச்செய்தியை எளிதில் கடந்து போகலாகாது.

தமிழராகிய நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. கைதான சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையிலும் இலண்டனிலும் வாதாடினார் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராணுவச் சட்டத்தின் கொடுமையை அவர் அஞ்சாது அம்பலப்படுத்தியது போற்றத்தக்கது. ஆனால் கலகத்தில் வீடிழந்து கடையிழந்து நின்ற முஸ்லிம் மக்களோ, தமது துயர் அவ்வாதத்திலே சிறுத்துப் போயிற்று என்று கருதினர். அவ்வடு நெடுங்காலம் மாறவில்லை. ஒருவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்ப்பதற்கு மற்றொருவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் குறைத்துச் சொல்லவேண்டிய தேவை ஏன் எழுகின்றது? நீதி என்பது அளவாய்க் கிடைக்கும் பங்கீட்டு அரிசி, ஒருவனுக்கு அளந்தால் மற்றவனுக்குக் குறையும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். பிரித்தாள்வோன் நமக்குக் கற்பித்த எண்கணிதம் அது.

அந்த எண்கணிதம் 1915-உடன் முடியவில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அதே சட்டத்தின் வலையிலே கரையோரச் சோனகரும் அகப்பட்டனர். நூறு ஆண்டுகளாய்க் கடனேட்டின் இருபுறமும் நின்ற கடைக்காரனும் தொழிலாளியும் ஒரே நாளில் அந்நியராயினர். 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. 1915-இல் கடைக்காரனை நோக்கி 'நீ அயலூரான்' என்று எழுந்த குரலை அன்று லயத்திலே கேட்டிருந்தவன், அதே குரல் ஒருநாள் தன் வாசலுக்கும் வரும் என்று அறிந்திருப்பானா?

*

ஆகவே நமது கேள்விக்குத் திரும்புவோம். அயலவர் அறம் யாது? விட்டுக்கொடுப்பதே அறம் என்று உபதேசிப்போர் பலர். யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று அவர்கள் சொல்வதில்லை. பெரும்பான்மையோன் சிறுபான்மையோனைப் பார்த்து 'விட்டுக்கொடு' என்பது வேண்டுகோள் அன்று, கட்டளை. மறுக்க இயலாதவன் கொடுப்பது கொடையாகாது. ஷெய்கு உஸ்மான் இழந்த கையை நாம் கொடை என்போமா? எனவே முதலிலே சம உரிமை வேண்டும். அதனைச் சட்டம் காக்கவேண்டும். மறுப்பதற்கு உரிமை உள்ளவன் மறுக்காது ஒதுங்கும் அந்தக் கணத்திலேதான் விட்டுக்கொடுத்தல் அறமாகின்றது.

ஆனால் உரிமையோடு நின்றுவிட்டால் அம்பகமுவ வீதியிலேயே நிற்போம். அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து அதன் பொறுப்பாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2007-இல் வந்த தீர்ப்பு, எந்த மதத்துக்கும் விதிவிலக்கின்றி, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தது. 1912-இல் ஒலியால் இடையூறுற்றோர் பள்ளிவாசலார். 2005-இல் தொடங்கிய இவ்வழக்கிலோ ஒலியை எழுப்பியோர் பள்ளிவாசலார். அதிலும் அவ்வொலியை ஆட்சேபித்தோரிடையே முஸ்லிம்களும் இருந்தனர். ஒலி செய்வோனும் ஒலியால் வருந்துவோனும் இடம் மாறிக்கொண்டேயிருப்பர் என்பதை இது காட்டுகின்றது. எல்லோருக்கும் பொதுவான விதி என்ற அளவில் அத்தீர்ப்பு வரவேற்கத்தக்கதே. ஆயினும் அடுத்த வீட்டிலே நோயாளி கிடக்கின்றார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கின்றது என்றறிந்து தானாகவே ஒலியைத் தணிக்கும் கையை எந்த நீதிமன்றமும் உண்டாக்க முடியாது. அந்தக் கை தெருவிலேதான் உருவாகவேண்டும்.

தெருவிலே அது எவ்வாறு உருவாகும்? உபதேசத்தால் அன்று, பொது வாழ்வால். கஞ்சிப் பானையும், ஒரே கிணற்று நீரும், ஒரே பாடசாலை வாங்கும், ஒரே தொழிற்சங்கக் கூட்டமும் அதனை உருவாக்கும். பிள்ளைகளை இனவாரியாய், மொழிவாரியாய், மதவாரியாய் வெவ்வேறு பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பிவிட்டு, ஆண்டுக்கொரு முறை ஒற்றுமை விழா நடத்துவது கேலிக்கூத்து. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனை, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பௌத்த பிக்குகளும் ஏனைய மதத்தவரும் பள்ளிவாசல்களுக்குச் சென்று துணைநின்ற செய்திகளும் வந்தன. நெருப்பு வைத்தோரில் வெளியூரார் பலர் என்றும் அன்று பேசப்பட்டது. அது ஆறுதலான பேச்சு. ஆனால் முழு ஆறுதல் அன்று. வெளியூரான் தெருவுக்குள் நுழையும்போது உள்ளூரான் கதவைச் சாத்திக்கொண்டானா, திறந்துகொண்டு வெளியே வந்தானா என்பதே கேள்வி. 2019 உயிர்த்த ஞாயிறுக் கொலைகளின் பின்னர் அக்கேள்வி மேலும் கூர்மையாயிற்று. கொலைகாரர் சிலரின் குற்றத்துக்காக, அவர்களை அறியாத மலையகக் கடைக்காரனும் பதில் சொல்லவேண்டியதாயிற்று. 2020-இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் அரசு கட்டாயமாய் எரித்தது. 2021 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கிற்று. சந்தூக்குப் பெட்டி பள்ளிவாசலிலிருந்து புறப்பட இயலாதிருந்த அம்மாதங்களில், அயலவராகிய நம்மில் எத்தனை பேர் அதனை நமது இழப்பாகக் கருதினோம்?

கொத்மலைக்கே இறுதியாக வருவோம். சுவீடன் நாட்டு உதவியோடு 1979 முதல் 1985 வரை அங்கே அணை கட்டப்பட்டது. வயலும் வீடும் விகாரைகளும் நீரில் மூழ்கின. குடும்பங்களிலே சில மகாவலிக் குடியேற்றங்களுக்கும், சில அயலிலுள்ள தேயிலை நிலங்களுக்கும் பெயர்க்கப்பட்டன. மூழ்கிய வழிபாட்டிடங்களின் நினைவாக மகாவலி மகா சேய எனும் பெருந்தாதுகோபம் எழுப்பப்பட்டது. வறட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் பழைய சுவர்கள் மேலே தெரிகின்றன. மக்கள் சென்று பார்த்து வருகின்றனர். அச்சுவர்களைச் சுற்றி இப்போது ஊர் இல்லை. மணியோசை கேட்டு எழுவோரும் இல்லை, மணியோசை மிகுதி என்று முறையிடுவோரும் இல்லை.

கட்டடத்துக்கு நட்டஈடு உண்டு. அயலவருக்கு நட்டஈடு இல்லை. இதனை விகாரைக்கு அணைநீர் உணர்த்திற்று. பள்ளிவாசலுக்கு 1915-இன் நெருப்பு உணர்த்திற்று. பள்ளிவாசலைக் காப்பது அதன் மதிலோ, பொலிஸ் காவலோ, 1815-இன் உடன்படிக்கை போன்றதொரு காகிதமோ மட்டும் அன்று. அதனைச் சூழ்ந்த தெருவிலே சம உரிமையுள்ள மனிதர் வாழ்கின்றனரா, அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கின்றனரா என்பதிலேயே அதன் பாதுகாப்புத் தங்கியுள்ளது. அத்தகைய தெருக்களை ஆக்குவது மதத் தலைவர்களின் வேலை மட்டுமன்று. பாடசாலையில் கற்பிப்போரினதும் கற்போரினதும் வேலையுமாகும். 1915-ஐ நமது வகுப்பறையிலே முழுமையாகச் சொல்லுவோம். எரிந்த பள்ளிவாசலையும் சுடப்பட்ட இளைஞனையும், கடன்பட்ட தொழிலாளியையும் நாடிழந்த கடைக்காரனையும் ஒரே பாடத்திலே, ஒருவர் துயரால் மற்றவர் துயரை மறைக்காது சொல்லுவோம். அதைக் கேட்கும் பிள்ளைகள் ஒரே வாங்கிலே அமர்ந்து கேட்கும் பாடசாலைகளுக்காகவும் போராடுவோம்.